படிக்காத புத்தகத்தைப் பற்றி முடிவெடுப்பது எப்படி? கோலாலம்பூர் வாசகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் இருந்துகொண்டு தமிழ்ப் புத்தகம் வாங்கும் நாம் பெரும்பாலும் பிறர் சொல்லைக் கேட்டுத்தான் வாங்குகிறோம். சென்னைக்காரருக்கு ஜனவரி பிறந்தால் புத்தகக் காட்சி இருக்கிறது. நின்று நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் வைத்துவிடலாம். நமக்குப் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் கடைக்காரர் தருவித்து வைத்திருப்பதுதான் கைக்குக் கிடைக்கும். மற்றதை அங்கிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது ஊருக்குப் போய் வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அப்படி வந்த புத்தகம் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

"படிக்காமல் ஒரு நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது" என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அப்படி வாழ்கிறவர் யாரும் இல்லை. கடைக்குள் போய் இரண்டு புத்தகத்தோடு வெளியே வருகிறவர், மீதி அத்தனையையும் படிக்காமலேயே தள்ளியிருக்கிறார். அந்த முடிவையே கவனமாக எடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு வாசிப்பு வட்டத்துக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் நான் பின்பற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதற்கான முடிவு?

40 வெள்ளி கொடுத்து ஒரு நாவல் வாங்கலாமா என்பது ஒரு கேள்வி. பத்து வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. மேடையில் அந்த நூலைக் கண்டித்துப் பேசுவது, அதை நீக்கச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போடுவது, கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எல்லாம் வேறு வகை. முதலாவதற்கு நம்பகமான ஒருவர் "நன்றாக இருக்கிறது" என்றால் போதும். தவறினால் 40 வெள்ளிதான் போகும். மற்றொருவரின் பெயரோ பிழைப்போ பாதிக்கப்படும் முடிவுக்கு அந்த அளவு போதாது.

அதனால் ஒரு தாளில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: "இந்த நூலைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியது இது." பிள்ளைக்கு என்றால், மொழி அவன் வகுப்புக்கு ஏற்றதா, வன்முறை எந்த அளவு என்ற இரண்டே விவரம் போதும். அது உயர்ந்த இலக்கியமா என்ற விவாதம் அன்றைக்குத் தேவையில்லை. இந்த வரியை எழுதாமல் விசாரிக்கத் தொடங்கினால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள், ஒன்றும் உதவாது.

இரண்டாவது படி: நூலின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள்

இதில் நம் முன்னோர் நமக்குப் பெரிய உதவி செய்து வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு முன்னே நிற்கும் சிறப்புப்பாயிரம் (முன்னுரை) என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியல் தருகிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய (எடுத்துக்கொண்ட) பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகச் சொல்பவர்களும் உண்டு என்கிறது. நூலைத் திறப்பதற்கு முன்பே அதைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடியவை இவை. இன்றைக்கும் ஒரு புத்தகத்தை விசாரிக்க இதைவிட நல்ல படிவம் எனக்குக் கிடைக்கவில்லை.

பதினொன்றில் "வழி", "கேட்போர்" என்ற இரண்டைத்தான் நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். வழி என்றால் முதல் நூலா, பிறிதொன்றைத் தழுவியதா, மொழிபெயர்ப்பா என்பது. மொழிபெயர்ப்பு என்றால் மூலத்திலிருந்து நேராக வந்ததா, இடையில் ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பாருங்கள். ரஷ்ய நாவலைப் பாராட்டுகிறவர் ஆங்கிலத்தில் படித்திருப்பார், நீங்கள் வாங்கப்போவது தமிழ்ப் பிரதி. அந்தப் பாராட்டில் கதைக்குரிய பகுதி உங்களுக்குப் பயன்படும், நடைக்குரிய பகுதி பயன்படாது. கேட்போர் என்றால் யாருக்காக எழுதப்பட்டது என்பது. கல்லூரி மாணவருக்கு எழுதிய ஆய்வு நூலை "சுவாரசியமே இல்லை" என்று ஒரு பொதுவாசகர் சொன்னால் நூலின் தரம் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

அப்புறம், பதிப்பு. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் ஒரே நூல் பல பதிப்பகங்களில் கிடைக்கும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் முழுதாகவும் வருகின்றன, சுருக்கியும் வருகின்றன. பரிந்துரைத்தவர் படித்தது ஒன்று, கடையில் இருப்பது மற்றொன்று என்றால் அவர் சாட்சி உங்கள் கையில் உள்ள பிரதிக்குச் செல்லாது. பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். எண் இருந்தால் எளிது. 978க்குப் பிறகு 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. 967, 983, 629 என்று வந்தால் மலேசியப் பதிப்பு. பரிந்துரைத்தவரிடம் அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்ளலாம். எண்ணே இல்லாத தமிழ் நூல்களும் நிறைய உண்டு. அப்போது பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். 600 பக்க நாவல் 280 பக்கத்துக்கு வந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது படி: உண்மையில் படித்தவர் யார் என்று தேடுங்கள்

புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு நூலைப் பற்றி எட்டுப் பேர் ஒரே கருத்தைச் சொன்னால் எட்டுச் சாட்சி என்று தோன்றும். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டால், ஏழு பேர் எட்டாமவரின் பதிவைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு சாட்சிதான். அந்த ஒருவரும் ஞாயிறு பத்திரிகையில் வந்த அறிமுகக் குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தால், அந்தக் குறிப்பை எழுதியவரை நோக்கிப் போக வேண்டும். நூலைக் கையில் வைத்துப் படித்த ஆள் வரும்வரை இந்த இழையைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கேள்வியில் முடிந்துவிடும்.

ஒருவர் படித்திருக்கிறாரா என்று நேராகக் கேட்பது மரியாதையாக இருக்காது, "ஆமாம்" என்ற பதிலாலும் பயனில்லை. நான் கேட்பது வேறு மாதிரி. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ரப்பர்த் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய ஒரு நாவலை ஓர் ஆசிரியை பரிந்துரைக்கிறார்.

"டீச்சர், எந்த இடத்துல கொஞ்சம் இழுக்குற மாதிரி இருந்துச்சு?"

"நடுவுல அந்தத் தொழிற்சங்கக் கூட்டம் வருதுங்களே, அது நீளம். ஆனா விடியறதுக்கு முன்ன ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு நிக்கிற காட்சியும், மழை பெஞ்சு பால் கெட்டுப்போனா அன்னைக்குக் கூலி என்ன ஆகும்னு பொம்பளைங்க பேசிக்கிறதும் அவ்வளவு சரியா இருக்கு. கடைசி அதிகாரம் எனக்குப் பிடிக்கல, அவசரமா முடிச்சுட்டாரு."

இந்தப் பதிலை முழு மதிப்புரைக்குச் சமமாக எடுத்துக்கொள்வேன். குறை இடம் சுட்டி வருகிறது, நூலின் நடுப்பகுதியும் முடிவும் தெரிகின்றன, பின்னட்டையில் கிடைக்காத விவரம் இருக்கிறது. தமக்குப் பிடித்த நூலிலேயே பிடிக்காததையும் சொல்கிறார். இதே கேள்விக்கு "எல்லாமே அருமை, மண்ணின் மணம் கமழும் படைப்பு" என்று பதில் வந்தால், சொன்னவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பேச்சில் முடிவெடுக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான். வேறொருவரிடம் போங்கள்.

நம் ஊரில் பலரும் மறந்துவிடும் ஒரு நல்ல ஆதாரம் ஆய்வேடுகள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் மலேசியத் தமிழ் நாவல், சிறுகதை பற்றி மாணவர்கள் நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆய்வேட்டில் கதைச் சுருக்கம் இருக்கும், மேற்கோளுக்குப் பக்க எண் இருக்கும், எந்தப் பதிப்பு என்பதும் இருக்கும். மதிப்பீடு சில நேரம் தயக்கமாக இருந்தாலும், நூலில் என்ன இருக்கிறது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது அரிது.

நான்காவது படி: சாட்சி எவ்வளவு நெருக்கமானவர்?

பாயிரம் சொல்லத் தகுந்தவர் யார் என்பதையும் நன்னூல் சொல்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு சேர்ந்து படித்தவர், அவருடைய மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். எத்தனை நூல் எழுதித் திறமை காட்டியிருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. இன்றைய கண்ணால் பார்த்தால் இந்தப் பட்டியல் இடிக்கும். எல்லாரும் வேண்டப்பட்டவர்கள், நடுநிலையாக எப்படிச் சொல்வார்கள்? ஆனால் அவர்கள்தான் நூலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்பதும் உண்மை. நெருக்கம் அறிவையும் தருகிறது, சாய்வையும் தருகிறது. இரண்டையும் பிரித்து எடுக்கத் தெரிந்தால் வேண்டப்பட்டவரின் சொல்லும் பயன்படும்.

நம் ஊர் நூல் வெளியீட்டு விழாக்களை இப்படித்தான் கேட்க வேண்டும். மண்டபம், குத்துவிளக்கு, முதல் பிரதியைப் பெறும் பிரமுகர், அவர் அறிவிக்கும் தொகை, பிறகு வாழ்த்துரைகள். இவை எழுத்தாளருக்கு நாம் காட்டும் மரியாதை. அச்சுச் செலவைத் தானே சுமக்கும் மலேசிய எழுத்தாளருக்கு அந்த மாலை பெரிய துணை. அங்கே நின்று யாரும் குறை சொல்லப் போவதில்லை, சொல்லவும் வேண்டாம். நிகழ்ச்சியில் நூலாய்வு செய்பவர் பேசும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவர் எந்தக் கதையின் பெயரைச் சொன்னார், எதை வாசித்துக் காட்டினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சிறுகதை உள்ள தொகுப்பில் அவர் முதல் இரண்டைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அதுவும் ஒரு தகவல்.

அணிந்துரையும் அப்படியே. புகழ்ச் சொற்களைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "மிகச் சிறந்த", "காலத்தால் அழியாத" எல்லாம் போன பிறகு, "பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பேச்சுவழக்கை ஆசிரியர் அப்படியே பயன்படுத்துகிறார்" என்று ஒரு வரி மிஞ்சினால் அது போதும், உங்களுக்குத் தெரியவேண்டியது கிடைத்துவிட்டது. ஒன்றுமே மிஞ்சாத அணிந்துரைகளை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஐந்தாவது படி: எதிரியையும் விசாரியுங்கள்

இதற்குத் தமிழிலேயே அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. சில செய்யுள்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அது பௌத்த நூல். அதை மறுக்கவே எழுந்த சமண நூல் நீலகேசி. இன்று குண்டலகேசியின் கதையை நாம் தெரிந்துகொள்ளப் பெரிதும் உதவுவது நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரைதான். அதாவது, ஒரு நூலை வீழ்த்த வந்தவர்களின் பக்கத்திலிருந்தே அந்த நூலை அறிகிறோம்.

எதிரியிடமிருந்து எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். நூலில் என்ன இருக்கிறது என்று எதிரி சொல்வதைப் பெரும்பாலும் எடுக்கலாம், ஏனென்றால் மறுக்க வேண்டுமென்றால் முதலில் அதை எடுத்துச் சொல்லியாக வேண்டும். அந்த வாதம் எவ்வளவு பலவீனம் என்று அவர் சொல்வதை அப்படியே எடுக்க முடியாது. எதிர்தரப்பு பலவீனமாகத் தெரிவதில்தான் அவருக்கு நன்மை. ஆனால் எதிரியே ஒன்றை ஒப்புக்கொண்டால் அதை முதல் தரச் சாட்சியாக வையுங்கள். ஒரு எழுத்தாளரைக் கொள்கை காரணமாகப் பிடிக்காத விமர்சகர், "ஆனாலும் உரையாடல் எழுதுவதில் இவரை மிஞ்ச முடியாது" என்றால் நான் யோசிக்காமல் வாங்குவேன்.

ஆறாவது படி: உங்கள் சாட்சிகளைச் சோதித்து வையுங்கள்

இதற்கு நேரம் அதிகம் வேண்டாம். நீங்களும் அவரும் படித்த நூல்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவர் சொன்னதும் உங்களுக்குத் தோன்றியதும் எங்கே ஒத்துப்போயின, எங்கே விலகின என்று பாருங்கள். ரசனை ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. விலகல் ஒழுங்காக இருந்தால் போதும். வரலாற்று நாவல் என்றாலே முகம் சுளிக்கும் அண்ணன் ஒருவர் "வர்ணனை தாங்கல தம்பி" என்று ஒரு நூலைக் கீழே வைத்தால், வர்ணனை பிடித்தவருக்கு அதுவே பரிந்துரை. ஒருநாள் புகழ்ந்து மறுநாள் இகழ்ந்து, காரணமும் சொல்லாதவரைத்தான் பயன்படுத்த முடியாது.

ஒவ்வொரு துறைக்கும் ஆள் வேறு. கவிதைக்கு நீங்கள் நம்பும் நண்பரை நீரிழிவு உணவு பற்றிய நூலுக்குக் கேட்காதீர்கள். மருத்துவம், சட்டம், முதலீடு பற்றிய நூல்களுக்கு நல்ல வாசகரைவிட அந்தத் தொழிலில் இருப்பவரின் ஒரு வார்த்தை மேல். இங்கே ஒரு பக்கமே முழு நூலுக்கும் தீர்ப்பாகலாம். "இந்தக் கஷாயம் குடித்தால் இன்சுலினை நிறுத்திவிடலாம்" என்று ஒரு பக்கத்தில் இருப்பதாக நம்பகமானவர் படம் எடுத்து அனுப்பினால், மீதி 200 பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நூலகத்தில் வைக்க மாட்டேன். ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது என்பதால் நூலை வாங்க முடியாது, ஆனால் ஒரு பக்கத்தால் தள்ளிவிட முடியும்.

ஏழாவது படி: பிறர் சொல்லித் தெரியாதவை

நடை, நகைச்சுவை, கவிதை மூன்றையும் யார் சொல்லியும் தெரிந்துகொள்ள முடியாது. இவற்றுக்கு ஒரு பக்கமாவது நீங்களே பார்த்தாக வேண்டும். கிண்டில் கடையில் இருக்கும் தமிழ் மின்னூல்களுக்குத் தொடக்கப் பகுதி மாதிரியாக இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ மதுரைத் திட்டத்திலோ தேடுங்கள். இல்லையென்றால் வைத்திருப்பவரிடம் நடுப்பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் பலமுறை திருத்தியிருப்பார்கள். நடுப்பக்கத்தில்தான் அவருடைய வழக்கமான நடை தெரியும், அச்சுப்பிழையும் அங்கேதான் தலைகாட்டும். பினாங்கில் இருப்பவர்களுக்குச் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே மலாய், ஆங்கில நூல்களுக்கு இந்தப் புரட்டலைக் கையாலேயே செய்துவிடலாம்.

எட்டாவது படி: கண்டனம் என்று வந்தால்

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 'இன்டர்லோக்' விவகாரம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வந்த மலாய் நாவல் அது. மூன்று இனத்துக் குடும்பங்களின் கதை. 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலானபோது, கப்பலில் வந்த இந்தியத் தொழிலாளர்களை ஒரு சாதிப் பெயரால் குறிக்கும் பத்தி நம் சமூகத்தைக் கொதிக்க வைத்தது. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் நாவலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆதரித்துப் பேசியவர்களிலும் அப்படிப் பலர் இருந்திருப்பார்கள்.

அப்போது ஒன்றாகக் கலந்து பேசப்பட்ட கூற்றுகளைப் பிரித்துப் பாருங்கள். அந்தச் சொல் நூலில் இருக்கிறது என்பது முதலாவது. அந்தப் பத்தி வரலாற்றளவில் தவறான ஒன்றைப் பொதுமைப்படுத்துகிறது என்பது இரண்டாவது. நாவல் முழுதுமே இந்தியரை இழிவுபடுத்துகிறது என்பது மூன்றாவது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பாடமாக வைக்கத் தகாது என்பது நான்காவது. முதலாவதற்குப் பக்க எண்ணோடு ஒரு நம்பகமான மேற்கோள் போதும். இரண்டாவதற்கு அந்த மேற்கோளும் குடியேற்ற வரலாறு தெரிந்த ஒருவரும் வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே நான்காவதை நேர்மையாக வாதிடலாம். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் அந்தப் பத்தி வாசிக்கப்படும்போது எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று கேட்பதற்கு முழு நாவலையும் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதைச் சொல்லத்தான் முழுதும் படித்திருக்க வேண்டும், அல்லது படித்த பலர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அதுவும் எந்தப் பதிப்பு என்று தெரிந்து. பள்ளிக்கு வந்தது மாணவர் பதிப்பு. மூலத்தைப் படித்தவரும் மாணவர் பதிப்பைப் படித்தவரும் வாதிட்டால் இருவரும் வெவ்வேறு நூலைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆகவே மனு உங்கள் கைக்கு வந்தால் அதில் எந்தக் கூற்று எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேற்கோள் இருந்தால், முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அந்த வரியைப் பேசுவது கதைசொல்லியா, ஒரு பாத்திரமா என்பது அப்போதுதான் தெரியும். கெட்டவன் ஒருவன் வாயில் வரும் வசைக்காக எழுத்தாளரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கதைசொல்லியே உண்மைபோலச் சொல்லும் வரிக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். கூற்று உங்களுக்குத் தெரிந்த அளவைத் தாண்டியிருந்தால், அந்த வாக்கியத்தைக் குறைத்து எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசிப் படி: முடிவோடு மூலத்தையும் எழுதி வையுங்கள்

பள்ளி நூலகத்துக்காக நான் வைத்திருக்கும் பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் நான்கு வரி: எந்தப் பதிப்பு, யார் சொன்னார், அவர் எவ்வளவு படித்திருக்கிறார், என்ன முடிவு. வேண்டாம் என்று தள்ளிய நூல்களுக்கும் இது கட்டாயம். "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு பொறுப்புக்கு வரும் ஆசிரியர் அதை அப்படியே நம்பி அந்த நூலை என்றைக்கும் தொடமாட்டார். "எட்டு வயதுக்கு மொழி கடினம் என்று இரண்டாம் ஆண்டு ஆசிரியை முழுதும் படித்துவிட்டுச் சொன்னார்" என்று இருந்தால், ஆறாம் ஆண்டு வகுப்புக்கு அதே நூலை அவர் தயங்காமல் வாங்கலாம்.

வெளியில் பேசும்போதும் அதே முறைதான். "நான் இன்னும் படிக்கவில்லை, இன்னார் படித்துவிட்டு இப்படிச் சொன்னார், அவரை நான் நம்புகிறேன்" என்று சொன்னால் கேட்பவர் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார். அவருக்கு அந்த இன்னாரைத் தெரிந்திருந்தால் நேராக அவரிடமே போய்க் கேட்டுக்கொள்வார். பிறகு நூல் உங்கள் கைக்கு வந்து நீங்களே படித்து முடித்ததும், அந்த நான்கு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சொன்னவர் சொன்னது சரியாக இருந்ததா, எந்த இடத்தில் மாறியது என்று.